பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கும் முன் தலையை அளந்துவிடுங்கள்: நெல்லைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் பள்ளி திறந்து இரண்டாவது வாரம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான். யு.கே.ஜி. படிக்கும் மகள் ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் இருந்தாள். தலையில் ஹெல்மெட் இருந்தது, வாரும் மாட்டியிருந்தது. சமாதானபுரம் பக்கம் திரும்பும்போது ரோட்டோரம் கிடந்த மணலில் முன் சக்கரம் வழுக்கி, இரண்டு பேரும் பக்கவாட்டில் விழுந்தோம். வேகம் இருபதுகூட இருந்திருக்காது. எழுந்து பார்த்தால் ஹெல்மெட் அவள் பிடரியில் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது, புருவத்துக்கு மேல் ரத்தம் வழிந்தது. நான்கு தையல்.

விழுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் அதை வாங்கியிருந்தேன். கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வளர்ற பிள்ளதானக்கா. ரெண்டு சைஸ் கூட எடுத்துக்கிடுங்க, நாலு வருஷம் ஓடும்." பள்ளிச் சீருடையையும் ஷூவையும் அப்படித்தானே வாங்குகிறோம், அதனால் நானும் தலையாட்டினேன். அவள் தலை 50 செ.மீ., நான் வாங்கிய ஹெல்மெட் 54. இந்த 4 செ.மீ.தான் அவள் நெற்றியில் தழும்பாக இருக்கிறது.

அதன்பிறகு நான்கு கடை ஏறி இறங்கி, இரண்டு முறை ஆன்லைனில் வரவழைத்து, ஒன்றைத் திருப்பி அனுப்பித்தான் சரியானதைக் கண்டுபிடித்தேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் பிள்ளைக்கு எந்த விதி என்று முதலில் பாருங்கள்

வயதைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருளே மாறும்.

நான்கு வயது தாண்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129-இன்படி பெரியவர்களுக்கு உள்ள விதிதான் பிள்ளைக்கும். வண்டி ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் என்ற பேதம் இல்லை. மீறினால் பிரிவு 194டி-யின்படி 1,000 ரூபாய் அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. 'சின்னப் பிள்ளைதானே' என்று போலீஸ்காரர் விட்டுவிடலாம். ரோடு விடாது.

நான்கு வயதுக்குக் கீழ் என்றால் தனி விதி. 2022 பிப்ரவரி 15-இல் மத்திய அரசு அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அது மூன்று விஷயம் சொல்கிறது. பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் சேஃப்டி பெல்ட் வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் வேண்டும், இந்த வயதுக்குத் தரமான சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும். வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது.

9 மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு ஹெல்மெட் தேடி அலையாதீர்கள். அந்தக் கழுத்து தன் தலையைத் தாங்கவே பழகிக்கொண்டிருக்கும் கழுத்து. அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டை நெரிசலில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஊசி போடப் போகிற அந்த ஒரு நாளைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர் தவிர ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பது பிரிவு 128. அப்பாவும் அம்மாவும் நடுவில் பிள்ளையும் என்று போனால் அதுவும் மூன்று பேர்தான். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைப்பதும், ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்க வைப்பதும் நம் ஊரில் சாதாரணம். பிரேக் அடித்தால் பிள்ளை முதலில் போய் மோதுவது ஹேண்டில்பாரில். பின்னாலிருந்து உங்கள் உடம்பின் பாரமும் அதன்மேல் விழும். அந்த இடத்தில் எந்த ஹெல்மெட்டும் உதவாது.

2. தையல் டேப்பால் தலையை அளக்க வேண்டும்

இந்த ஒரு வேலையை நான் முதலில் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் போதும். புருவத்துக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நெற்றியில் வையுங்கள். காதுகளுக்கு மேலாகச் சுற்றி, பின்மண்டையில் மிகவும் புடைத்திருக்கும் இடத்தைத் தொட்டுக் கொண்டுவந்து சேருங்கள். முடி படிந்திருக்க வேண்டும், இறுக்கவும் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக்கூடாது. மூன்று தடவை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையா? ஒரு நூலைச் சுற்றி எடுத்து ஸ்கேலில் வைத்தால் அதே கணக்கு வந்துவிடும்.

இங்கேதான் 'வளர்ற பிள்ள' என்கிற பேச்சு பொய்யாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில், நடுத்தரமான ஆண் குழந்தையின் தலைச்சுற்றளவு 1 வயதில் 46 செ.மீ., 3 வயதில் 49.5, 5 வயதில் 50.7. பெண் குழந்தைகளுக்கு ஒரு செ.மீ. போலக் குறைவு. மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை, இரண்டு முழு வருடத்தில், தலை ஒன்றேகால் செ.மீ.தான் கூடுகிறது. கால் வளர்கிற வேகத்தில் தலை வளர்வதில்லை. அதனால் 'கூட எடுத்துக்கிடுங்க' என்பது ஹெல்மெட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. இன்றைக்கு என்ன அளவோ அதைத்தான் வாங்க வேண்டும்.

ஹெல்மெட்டில் அளவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். 500 என்றால் 50 செ.மீ., 520 என்றால் 52. பெரியவர்களுக்கான வரிசையில் மிகச் சிறியது என்று கடையில் எடுத்துத் தருவது பல நேரம் 540-ஆகவோ 560-ஆகவோ இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிது. 'ஸ்மால்' என்ற சொல்லை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்மால் வேறு. எண் என்ன என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

3. ஐ.எஸ்.ஐ. முத்திரையை வாசித்துப் பார்க்க வேண்டும்

முத்திரை இருக்கிறது என்று பார்த்தவுடன் திருப்தி அடைந்துவிடுகிறோம். அதன் மேலும் கீழும் எழுதியிருப்பதில்தான் விஷயம்.

முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்று இருக்க வேண்டும். இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண் அது. கட்டடத் தொழிலாளர் போடும் தொப்பி வகை ஹெல்மெட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், ஆனால் எண் ஐ.எஸ். 2925. அதுவும் அசல் முத்திரைதான், மேலிருந்து செங்கல் விழுந்தால் காப்பாற்றும், வண்டியிலிருந்து விழுந்தால் காப்பாற்றாது. ரோட்டோரம் குவித்து விற்கிற இடத்தில் ஒருமுறை சின்ன அளவில் கலர் கலராக இந்த வகைதான் கிடந்தது.

முத்திரைக்குக் கீழே ஆங்கில எழுத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். போனில் 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. லைசென்ஸ் விவரம் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணை அடித்தால் கம்பெனி பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு லைசென்ஸ், இப்போது செல்லுபடியாகிறதா என்று எல்லாம் வரும். ஹெல்மெட்டில் உள்ள கம்பெனி பெயரும் ஆப்பில் வருகிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் கடையிலேயே நின்று பார்த்த ஒன்றில் எண்ணே இல்லை, வெறும் முத்திரை மட்டும். இன்னொன்றில் எண் இருந்தது, ஆப்பில் 'அப்படி ஒரு லைசென்ஸ் இல்லை' என்று வந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தை வைத்ததும் அப்படியே கையோடு வந்துவிட்டது. விற்பவர் கோபப்படுவாரோ என்று தயங்காதீர்கள். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு.

தயாரித்த மாதமும் வருடமும் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டு மூன்று வருடம் கண்ணாடி அலமாரியில் வெயில் குடித்த ஹெல்மெட்டைத் தள்ளுபடி விலையில் தந்தாலும் வேண்டாம்.

4. எடையைக் கேளுங்கள்

என் மகளுக்கு முதலில் வாங்கிய ஹெல்மெட்டை விழுந்த பிறகு தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 1 கிலோ 180 கிராம். அவள் எடையே 17 கிலோ. இப்போது போடுவது 850 கிராம்தான். வீட்டில் அத்தை அன்றே சொன்னார்கள்: "ஏட்டி, பச்சப்பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சொமை? கழுத்து வலிக்காதா?" அத்தை சொன்னதில் பாதி சரி. சுமை கூடாது, ஆனால் அதற்காக ஹெல்மெட்டையே விடவும் கூடாது. அளவு சரியாக இருக்கிற இரண்டில் எடை குறைந்ததை எடுங்கள். எடைக்காக அளவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தாடை மறைக்கும் முழு ஹெல்மெட்டா, முகம் திறந்த அரை ஹெல்மெட்டா? முகமும் பல்லும் காப்பாற்றப்படுவது முழு ஹெல்மெட்டில்தான். அளவிலும் எடையிலும் பொருந்தினால் என் ஓட்டு அதற்கே. கண்ணாடி உள்ளதாக வாங்குங்கள், அதுவும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் பறக்கும் மண் பிள்ளையின் கண்ணில் விழுந்தால் அது கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கும். வண்டியில் அந்த ஒரு நொடியே போதும்.

5. போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

தலையில் வைத்ததும் ஹெல்மெட் நேராக உட்கார வேண்டும். நெற்றிப் பக்க விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்குள் நிற்க வேண்டும். அதைவிட மேலே ஏறியிருந்தால் நெற்றி திறந்து கிடக்கும். கன்னத்து ஸ்பாஞ்சு இரண்டு பக்கமும் லேசாக அழுத்த வேண்டும்.

வாரை மாட்டாமலே தலையை 'இல்லை இல்லை' என்று ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். தலை மட்டும் திரும்பி, ஹெல்மெட் முன்னே பார்த்துக்கொண்டிருந்தால் பெரிது என்று பொருள்.

பிறகு வாரை மாட்டுங்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும், கை போகக்கூடாது. இப்போது பிள்ளைக்குப் பின்னால் நின்று, ஹெல்மெட்டின் பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்னால் தள்ளுங்கள். அடுத்து முன்னால் வந்து நெற்றி விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளுங்கள். இரண்டிலும் கழன்று வரக்கூடாது. நான் வாங்கிய பழைய ஹெல்மெட்டை வீட்டில் வைத்து இப்படித் தள்ளிப் பார்த்தபோது, ரோட்டில் நடந்தது அப்படியே நடந்தது. சுண்டுவிரல் பலத்தில் பிடரிக்குப் போய்விட்டது. கடையில் பத்து நொடியில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, பத்து நிமிடம் போட்டபடியே கடையில் உலவ விடுங்கள். கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். சீராக லேசான பதிவு இருந்தால் நல்லது. ஒரே இடத்தில் சிவந்து, பிள்ளை அங்கே வலிக்கிறது என்றால் அளவு சரியாக இருந்தும் தலையின் வடிவத்துக்கு அந்த மாடல் பொருந்தவில்லை. வேறு கம்பெனி பாருங்கள்.

6. எப்போது வாங்குவது, எவ்வளவு ஆகும், என்ன வாங்கி வைத்துக்கொள்வது

ஜூனில் பள்ளி திறக்கிற வாரத்தில் போகாதீர்கள். கூட்டத்தில் யாரும் நின்று காட்ட மாட்டார்கள், 500, 520 அளவுகளும் தீர்ந்திருக்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, வார நாள் காலையில் போங்கள். கடையில் பிள்ளை அளவு இல்லையென்றால் வரவழைத்துத் தர ஒரு வாரம் கேட்பார்கள். ஆன்லைன் என்றால் எனக்கு ஐந்து நாளில் வந்தது, அளவு மாற்றி அனுப்பி அடுத்தது வர இன்னொரு ஒன்பது நாள். ஆக மொத்தம் மூன்று வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் செலவு இது. மகளுக்கு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் 1,150 ரூபாய். இரண்டரை வயது மகனுக்கு சைக்கிள் ஹெல்மெட் 1,400, சேஃப்டி பெல்ட் 450. மொத்தம் 3,000. ரோட்டோரத்தில் 250 ரூபாய்க்குப் பிள்ளை ஹெல்மெட் கிடைக்கிறது. அதைத் தட்டிப் பார்த்தால் உள்ளே தெர்மாகோலுக்குப் பதில் மெல்லிய ஸ்பாஞ்சு மட்டும்தான். அடியை வாங்கிக்கொள்வது அந்தக் கெட்டித் தெர்மாகோல்தான். மோதும்போது அது நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய விசையைத் தான் எடுத்துக்கொள்கிறது. ஸ்பாஞ்சு தலைக்கு மெத்தென்று இருக்கத்தான்.

வாங்கியதும் இவற்றைப் பத்திரப்படுத்துங்கள்:

- ஜி.எஸ்.டி. எண் உள்ள பில், அதில் மாடலும் அளவும் எழுதியிருக்க வேண்டும்.
- எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.
- ஐ.எஸ்.ஐ. முத்திரை, லைசென்ஸ் எண், தயாரிப்பு மாதம் தெரியும்படி போனில் ஒரு படம்.
- அட்டைப்பெட்டியை அந்த நாள்கள் முடியும்வரை கிழிக்காதீர்கள். பெட்டி இல்லாததால் என் முதல் ஹெல்மெட்டை மாற்ற மறுத்துவிட்டார்கள்.

போலி முத்திரை என்று தெரிந்தால் 'பிஐஎஸ் கேர்' ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, பில்தான் கேட்பார்கள்.

7. சடை, பூ, எண்ணெய்

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. கடையில் சரியாக இருந்த ஹெல்மெட் மறுநாள் காலை மகளுக்குப் பொருந்தவில்லை. யோசித்தால், பள்ளிக்கு இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டியிருந்தேன். காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அந்த மடிப்பு ஹெல்மெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டது. முன்பக்கம் நெற்றி மறுபடி தெரிந்தது.

இப்போது சடையைக் கழுத்தருகே தாழ்வாகப் பின்னி, மடிக்காமல் தொங்கவிட்டுக் கூட்டிப்போகிறேன். ரிப்பனை பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மடித்துக் கட்டுகிறேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. உச்சிக் குடுமி, கொண்டை, பெரிய கிளிப், ஹேர்பேண்ட் எதுவும் ஹெல்மெட்டுக்குள் வேண்டாம். கிளிப்பின் முனை அடிபடும்போது மண்டையில் இறங்கும். வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குப் போகும்போது பிச்சிப்பூவை வாழை இலைப் பொட்டலத்திலேயே வைத்துக்கொண்டு, ரத வீதியில் இறங்கியபின் வைத்துவிடுகிறேன். பூவும் கசங்காமல் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து உள்துணி நம் வெயிலில் இரண்டே வாரத்தில் நாறும். கழற்றித் துவைக்கிற மாதிரி உள்துணி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். மெல்லிய பருத்தித் துணியை ஒற்றையாக உள்ளே கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதைக் கட்டிக்கொண்டுதான் கடையில் அளவு பார்க்க வேண்டும். அண்ணன் தங்கை ஒரே ஹெல்மெட்டை மாற்றி மாற்றிப் போட்டால் பேனும் மாறும், அளவும் பொருந்தாது. ஆளுக்கொன்று வேண்டும்.

8. நான்கு வயதுக்குக் கீழே என்றால் சேஃப்டி பெல்ட்

இது பிள்ளை போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரியான ஒன்று. அதிலிருந்து வரும் இரண்டு வார்களை ஓட்டுபவர் புத்தகப்பை மாட்டுவதுபோல் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் மேலுடம்பு உங்கள் முதுகோடு சேர்ந்து நிற்கும், தூங்கி விழுந்தாலும் சரியாது. எடை குறைவாக, நீரில் கெடாததாக, அளவு மாற்றக்கூடியதாக, 30 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. வாங்கும்போது கொக்கியைப் பாருங்கள். இரண்டு கையாலும் இழுத்தால் விடக்கூடாது, ஆனால் நீங்கள் அழுத்தினால் சட்டென்று கழல வேண்டும்.

துண்டையோ துப்பட்டாவையோ வைத்துக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவிழ்ந்தால் சக்கரத்துக்குள் போகும், பிறகு என்ன ஆகும் என்று எழுதவே கை வரவில்லை.

நான்குவழிச் சாலையில் 40-க்குள் போனால் பின்னால் வருகிற லாரி நம் மேல் ஏறிவிடும். அதனால் மகனை வைத்துக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் அம்மா வீட்டுக்கு வண்டியில் போவதையே நிறுத்திவிட்டேன். பஸ்தான்.

9. சைக்கிளுக்கு வாங்குவது வேறு

தெருவில் சைக்கிள் பழகும் பிள்ளைக்கு ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டினால் வெந்துபோகும். காற்றுத் துளை உள்ள சைக்கிள் ஹெல்மெட் தனி. உள்ளே இ.என். 1078 அல்லது இ.என். 1080 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ, ஏ.எஸ்.டி.எம். 1447 என்ற அமெரிக்கத் தர எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை வண்டியில் கூட்டிப்போக மத்திய அரசு விதி ஏற்றுக்கொள்வதும் இந்த மூன்று எண்களைத்தான்.

இ.என். 1078 சோதனையில் ஹெல்மெட் தட்டையான தளத்தில் மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. சைக்கிளிலிருந்து தலை தரையில் விழுகிற வேகத்துக்கு அது போதும், ஸ்கூட்டர் வேகத்துக்குப் போதாது. பிள்ளைக்கு நான்கு வயது முடிந்த அன்றே ஸ்கூட்டருக்கு ஐ.எஸ். 4151 வாங்கிவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

சைக்கிள் ஹெல்மெட்டின் வார் இரண்டு காதுக்கும் கீழே 'வி' வடிவில் சேர வேண்டும். பின்னால் திருகு இருந்தால் இறுக்கிப் பொருத்துங்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். ஹெல்மெட்டோடு கொய்யா மரம் ஏறினாலோ, ஊஞ்சல், சறுக்குமரத்தில் விளையாடினாலோ தலை கம்பிக்குள் மாட்டி வார் கழுத்தை இறுக்கிவிடும். இ.என். 1080 ஹெல்மெட்டில் இதற்காகவே இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு அது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

10. ஒரு வாரம் வீட்டில் பழக்குங்கள்

முதல் நாளே மாட்டிப் பள்ளிக்குக் கிளம்பினால் அழுகைதான். சாயங்காலம் டிவி பார்க்கும்போது கால் மணி நேரம், மறுநாள் அரை மணி நேரம் என்று போட வைத்தேன். நிறத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். பெயர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று கேட்டாள், ஹெல்மெட்டின் ஓட்டில் பசையும் பெயிண்டும் படக்கூடாது என்பதால் பையில் ஒட்டிக் கொடுத்தேன்.

வாரை மாட்டும்போது தாடைத் தோல் கொக்கியில் ஒருமுறை நெரிந்துவிட்டால் அதன்பிறகு பிள்ளை கிட்டவே வராது. உங்கள் ஒரு விரலைக் கொக்கிக்கும் தோலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு மாட்டுங்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். "அம்மா ஏன் போடல?" என்று ஒருநாள் கேட்டுவிட்டால் பதில் சொல்ல முடியாது.

11. வைத்துக்கொள்வதும் மாற்றுவதும்

கத்திரி வெயிலில் வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், சீட்டுக்கு அடியில் பெட்ரோல் வாடையும் சூடும் சேர்கிற இடத்திலும் பூட்டி வைக்காதீர்கள். இரண்டுமே ஓட்டையும் தெர்மாகோலையும் கெடுக்கும். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைப்பதும் கூடாது. தலைக்குப் போடும் ஷாம்புவும் தண்ணீரும் போதும், நிழலில் காயவையுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்துத் தலையை அளந்து, அந்தத் தள்ளிப் பார்க்கிற சோதனையையும் செய்யுங்கள். நான் பள்ளி திறப்புக்கு ஒருமுறை, அரையாண்டு விடுமுறைக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். அளவு மாறாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே ஹெல்மெட் வேண்டாம்.

ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது. உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், நசுங்கியது திரும்ப எழும்பாது. அதனால்தான் அக்கா பிள்ளை போட்டது, பக்கத்து வீட்டில் தந்தது என்று பழைய ஹெல்மெட்டை வாங்கக்கூடாது. அது எத்தனை முறை விழுந்தது என்று கொடுப்பவருக்கே தெரிந்திருக்காது.

விழுந்தபின் பிள்ளை வாந்தி எடுத்தாலோ, வழக்கமில்லாத தூக்கம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தாலும் இது பொருந்தும்.

எங்கள் பழைய ஹெல்மெட்டைக் கேட்டு ஒருவர் வந்தார், தன் பேரனுக்கு ஆகும் என்றார். விவரம் சொல்லி, புதியது வாங்க வேண்டிய அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு கத்தரிக்கோலால் வாரை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டுத்தான் அதைக் குப்பை வண்டியில் போட்டேன்.